கழிவு

ரயில் பாதை பதுளையோடு முடிகிறது.
அதற்கப்பால் தண்டவாளம் இல்லை என்பதால்
எங்கள் வளாகத்துக்கு எவரும் தற்செயலாக வருவதில்லை.
வங்கி அணிக்கு ஆள் எடுக்கக்
கொழும்பிலிருந்து விஜேகோன் வந்தார்,
சப்பாத்தில் சேறு படாமல் நடந்து.

வரிசையில் நின்றோம், ஒன்பது பெண்கள்.
முதலில் கேட்டது உயரத்தையல்ல.
"பிறந்த திகதி?"
சொன்னேன்.
பேனா கொஞ்சம் நின்றது.
"இருபத்தைந்து" என்றார்,
நோயின் பெயரை
உறவினரிடம் சொல்லும் டாக்டரைப் போல.

இருபத்தைந்துக்குக் கணக்கு இருக்கிறது, ஐயா.
ஏ.எல். இரண்டு தரம்,
முதல் தரம் இரசாயனவியல் காலை வாரியது.
பிறகு கொரோனா, வளாகம் பூட்டு.
பிறகு பெட்ரோல் வரிசை, மறுபடி பூட்டு.
அந்த மாதங்களில் லயத்தின் பின்சுவரில்
பீப்பாய் வளையம் ஒன்றை ஆணியடித்து வைத்தேன்.
பந்துக்குக் காற்றுப் போனது.
பம்பும் இல்லை, பதுளைக்குப் போக பஸ்ஸும் இல்லை.
துள்ளாத பந்தோடுதான்
என் இடது கை கற்றுக்கொண்டது.
இதையெல்லாம் எழுத
அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

யுகாஷினிக்குப் பத்தொன்பது.
வெலிமடைக்காரி, முதலாம் வருடம்.
உடம்பு வளர்ந்த வேகத்துக்குச் சட்டை வாங்கவில்லை,
மணிக்கட்டு எப்போதும் வெளியே நீண்டு கிடக்கும்.
நல்ல பிள்ளை.
லே-அப் பத்து எறிந்தால் ஆறு வெளியே.
வெளியே போன ஒவ்வொன்றுக்கும்
விஜேகோன் முகம் மலர்ந்தது.
"அந்தக் கையைப் பாருங்கள்!
இரண்டு வருடம் கொடுத்தால்..."

நான் எறிந்தவை விழுந்தன,
வலையை மட்டும் தொட்டு.
விழுந்த பந்தில் பார்ப்பதற்கு என்ன மிச்சம்?

பசறையில் அம்மா கொழுந்து நிறுக்கும்போது
தராசு முள் ஆடி நிற்பதற்கு முன்பே
கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார்,
வெயில் நாளிலும்.
எந்த ஈரம் என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.
"காலையில் இருந்த ஈரம்" என்றாராம்.

கடைசி நிமிடம். ஸ்கோர் சமம்.
பந்து என்னிடம், இடது மூலையில்.
என் மூலை அது,
சிமெந்து வெடிப்பின் நீளம்கூடத் தெரியும்.
யுகாஷினி வளையத்தின் கீழே கை தூக்கி நின்றாள்.
அவளை மறிக்க ஆளில்லை.
நானே எறிந்திருக்கலாம்.
என்னைக் கேட்காமலே
கை கொடுத்துவிட்டது.
பலகையில் பட்டு, விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி,
உள்ளே.

விஜேகோன் எழுதினார். நீளமாக எழுதினார்.
பந்து எங்கிருந்து வந்தது என்று
தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.
அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
கழுத்தில் இன்னும் பள்ளிக்கூடத்துப் பவுடர் வாசம்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

இரவு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.
"எடுக்கலம்மா. வயசாம்."
"என்னா வயசு? ஒனக்கு இருபத்தி நாலுதான்.
மேமலையில மண்ணு சரிஞ்ச வாரம் பொறந்தவ நீ.
டிஸ்பென்சரி ஐயா பழைய பொஸ்தகத்த தொறந்து
முந்துன வருசத்துப் பக்கத்துல எழுதிப்புட்டாரு.
மாத்தப் போனா ரெண்டு நாள் பேரு போயிரும்னு விட்டுட்டேன்."
பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மைதானத்து விளக்கு பத்து மணிக்கு அணையும்.
இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
பனி இறங்கி வளையம் பாதிதான் தெரிந்தது.

எங்கோ ஓர் அலுமாரியில், ஒரு புத்தகத்தில்,
நான் வாழாமலே என் பெயரில் ஏறிய ஒரு வருடம்.
அதில் ஒரு பந்தும் நான் எறிந்ததில்லை.
ஒருநாளும் முழங்கால் வலித்ததில்லை.

முதல் பந்தை
அந்த வருடத்துக்காக எறிந்தேன்.
வெளியே போனது.

அந்தக் கையைப் பாருங்கள், ஐயா.